லெட்சுமி அக்கா நோயாளியாக நடித்த நாள்

1

போன வாரம் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என்னிடம் இருப்பது சிவப்பு அட்டை. இங்கே குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தரமாகத் தங்கிக்கொள்ள அனுமதி வாங்கியவர்களுக்குச் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரி ஊருக்குப் போய்த் திரும்பி வர வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு அனுமதி வேண்டும். அதைப் புதுப்பிக்கத்தான் காலை ஏழரைக்கே போய் வரிசைச் சீட்டு எடுத்து உட்கார்ந்தேன். முறை வந்தபோது பசி வயிற்றைக் கிள்ளியது. போட்டோவின் பின்னணி வெள்ளை போதவில்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்று இன்னொரு தடவை. கையெழுத்துக்குக் கூட எல்லை தாண்ட அனுமதி இல்லை.

எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன் என்ற கட்டத்தில் எண்ணிப் பார்த்து இருபத்திரண்டு என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் அதைப் பார்த்து, "லாமா சுடா, காக்!" என்றாள். ரொம்ப நாளாகிவிட்டதே அக்கா என்று அர்த்தம். பிறகு வெட்கத்தோடு, தனக்கும் அதே வயதுதான் என்றாள். அவள் பிறந்து, நடந்து, படித்து, வேலைக்கு வந்து எனக்கு முத்திரை குத்தும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். நான் இன்னும் பின்னணி வெள்ளை போதாமல் நிற்கிறேன்.

சாதாரணமாக இப்படி ஒரு நாளில் ஊர் நினைப்பு வந்து கொஞ்சம் ஏங்கிவிட்டு, வரும் வழியில் ஒரு டீ குடித்துச் சரிசெய்துகொள்வேன். இந்தத் தடவை அப்படி முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்த ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருந்தது. இருபத்திரண்டு வருஷமும் நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், எதைக் கேட்காமல் விட்டேன் என்ற கணக்கு அது. அதைத்தான் எழுதுகிறேன்.

2

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நர்ஸாக வேலை பார்த்தவள். இப்போது மலாக்கா நகரத்துக்கு வெளியே ஒரு தாதியர் கல்லூரியில் ஆசிரியை. இங்கே நர்ஸுக்கு ஏட்டுத் தமிழில் தாதி என்று பெயர், ரப்பர் தோட்டத்துச் சனங்கள் வாயில் மிஸி. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்பது என் பாடம். ஊரில் என்னோடு படித்தவர்கள் இதைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஏனென்றால் நாங்கள் பேசிய பேச்சு அப்படி.

தேனிப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்கள் வார்டு. முப்பது கட்டில், முப்பதுக்கும் நோயாளி, கட்டிலுக்குக் கீழே ஆளுக்கு இரண்டு துணைக்காரர்கள், அவர்கள் தூக்குவாளி, பாய், பொரிகடலைப் பொட்டலம். பினாயில் வாசனையும் எலுமிச்சங்காய் ஊறுகாய் வாசனையும் கலந்து ஒரு வாசனை வரும். எங்கேயாவது பினாயில் வாசனை அடித்தால் இன்றைக்கும் எனக்கு ஊறுகாய் ஞாபகம் வந்து நாக்கில் நீர் ஊறுகிறது.

அந்த வார்டில் வலி சத்தமாக இருக்கும். தேள் கொட்டியவள் ஒரு மாதிரி கத்துவாள், பித்தப்பைக் கல்காரி வேறு மாதிரி. பிரசவ வலியில் இருப்பவள் புருஷனில் ஆரம்பித்து அவன் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்து வைவாள். அந்த ஆள் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு, "நல்லா வையட்டும் சிஸ்டர், தெம்பா இருக்கான்னு தெரியுதுல்ல" என்பான். நாங்களும் சும்மா இல்லை. "ஏத்தா, ஊரைக் கூட்டாத, ஊசி போட வந்துட்டேன்ல" என்று பதிலுக்குக் கத்துவோம். திட்டிக்கொண்டே தலையைக் கோதிவிடுவோம். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் எந்தக் கட்டிலில் எவளுக்கு எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும். அந்தக் காது எனக்கு இருந்தது என்பதில் இன்றும் ஒரு கர்வம் உண்டு. அவ்வளவு வலியும் இருந்த இடம் எப்படி இவ்வளவு சந்தோஷமாக ஞாபகத்தில் இருக்கிறது என்று எனக்கே புரிவதில்லை.

கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவர் மெர்லிமாவ் பக்கத் தோட்டத்தில் பிறந்து, படித்து, நகரத்தில் ஆபீஸ் வேலைக்குப் போனவர். வீடு தங்கா பத்துவில். என் சான்றிதழ்களை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, மூலத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று மறுபடி ஊரிலிருந்து வரவழைத்து, எல்லாம் முடிந்து வேலைக்குச் சேர ஒன்றரை வருஷம் ஆனது. சேர்ந்த இரண்டாவது மாதமே என் மேல் புகார். சாப்பிடாமல் படுத்திருந்த ஒரு பெரியவரை, "ஏன் சாப்பிடல? எந்திரிங்க, சாப்பிடுங்க மொதல்ல!" என்று ஊர்த் தொண்டையில் ஒரு அதட்டல் போட்டேன். ஊரில் இதற்குப் பெயர் அக்கறை. அவர் மகன் அழகான எழுத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். விசாரணை முடிவில், நோயாளியுடன் பேசும் முறை பற்றிய பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். தண்டனையாகப் போனவள் பாடத்தில் முதலாவதாக வந்தேன். பிறகு அதையே சொல்லிக்கொடுக்கும் வேலையில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள்.

கதவைத் தட்டு. பெயரைச் சொல். நோயாளியின் பெயரைக் கேள். கண்ணைப் பார். கேள்வி கேட்டபின் காத்திரு. நடுவில் குறுக்கிடாதே. கடைசியில் கேட்டதைச் சுருக்கித் திருப்பிச் சொல். எல்லாம் எனக்கு மனப்பாடம்.

3

பரீட்சைக்கு நிஜ நோயாளிகளை வைக்க முடியாது. அதனால் வெளியாட்களை அழைத்து நோயாளிபோல் நடிக்கச் சொல்வது எங்கள் வழக்கம். என்ன வியாதி, எத்தனை நாளாக, எங்கே வலி என்றெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவோம். மலாய் பேச, சீனம் பேச ஆள் கிடைத்துவிடும். தமிழ் பேசத்தான் ஆள் இல்லை. என் கணவர்தான் லெட்சுமி அக்காவைச் சொன்னார். அவர் பிறந்த தோட்டத்தில் பக்கத்து வரிசை வீடு. நாற்பது வருஷம் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டம் கைமாறி, ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்ததும், மகனோடு மெர்லிமாவ் டவுனுக்கு வந்துவிட்டார். வயது அறுபத்தாறு. எனக்கு அம்மா வயதாக இல்லாமல் போனதால் அக்கா. கைலியும் சட்டையும், தோளில் ஒரு துண்டு. மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போவான்.

முதல் ஒத்திகையில் என்னைப் பைத்தியம் பிடிக்க வைத்துவிட்டார். மாணவி வந்து வலி இருக்கிறதா என்று கேட்டால், "இல்லம்மா, நல்லா இருக்கேன்" என்பார். கேட்டவள் விழிப்பாள். நான் மூலையில் இருந்து தலையில் அடித்துக்கொள்வேன்.

"அக்கா, காகிதத்துல வலி இருக்குன்னு போட்டிருக்கேன்ல?"

"போட்டிருக்க லா. ஆனா வாயில வர மாட்டேங்குது. பழக்கம் இல்ல." இந்த ஊர்ப் பேச்சில் லா சும்மா ஒட்டிக்கொண்டு வரும்.

"வலின்னு சொல்றதுக்கு என்னக்கா பழக்கம் வேணும்?"

அப்போதுதான் சொன்னார். தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் பெரட்டு. ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் வரிசையாக நிற்க வேண்டும். உடம்பு முடியாதவர்கள் டிரெஸரிடம் போக வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் அவர். அவர் சீட்டு எழுதினால்தான் லீவு.

"தொட்டுப் பார்ப்பாரு. காய்ச்சல் இருந்தா சீட்டு. வெட்டுப்பட்டு ரத்தம் வந்தா சீட்டு. வலின்னா சீட்டு இல்ல. வலி என்னா, தொட்டா தெரியுமா? 'வேலைக்குக் கள்ளி'ன்னு எல்லார் முன்னாடியும் கத்துவாரு. ஒரு தரம் வாங்கிட்டேன், பதினாறு வயசுல. அப்புறம் சொன்னதே இல்ல. ரெண்டு பிள்ளைய பெத்தேன், அப்பக்கூட மூச்சு விடலன்னு மருத்துவச்சி சொல்லும்."

"இப்ப எந்த டிரெஸரும் இல்லக்கா. சும்மா பொய்க்குச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் தெளிந்தது. "பொய்க்குத்தானே? அப்ப சொல்லிடலாம் லா" என்றார்.

அதற்குப் பிறகு அக்காதான் எங்கள் சிறந்த நோயாளி. முனகுவார், முகத்தைச் சுளிப்பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுப்பார். ஒரே ஒரு குறைதான். எந்த மாணவி உள்ளே வந்தாலும் முதலில், "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டுவிடுவார். இங்கே காலைச் சாப்பாடு ஆகிவிட்டதா என்று அப்படித்தான் கேட்பார்கள். நோயாளி நர்ஸைப் பார்த்துப் பசியாறிட்டியா என்று கேட்டால் பரீட்சை என்ன ஆவது? எத்தனை தடவை சொல்லியும் விடவில்லை. "வெறும் வயித்துல நிக்குதுங்க, பாவம்" என்பார்.

டிரெஸர் கதையை நான் என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். தோட்டப் பின்னணி உள்ள முதிய நோயாளிகள் வலியை மறைப்பார்கள், கவனம் தேவை என்று அடுத்த வகுப்பில் சொல்லவும் செய்தேன். மாணவிகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். எனக்கும் அது ஒரு நல்ல உதாரணமாகத்தான் தெரிந்தது.

4

பரீட்சை நாளன்று அக்கா கொஞ்சம் தாமதமாக வந்தார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல, லிப்டுல கூட்டம்" என்றார். நான் கையில் இருந்த பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டேன், அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

அறையை வார்டுபோல் செய்திருந்தோம். கட்டில், திரை, தண்ணீர் ஜாடி. மூலையில் என் நாற்காலி. கையில் மதிப்பெண் தாள், பேனா. ஒரு மாணவிக்கு எட்டு நிமிஷம், மணி அடித்ததும் அடுத்தவள். அக்காவின் காகிதத்தில் அன்றைக்கு வயிற்று வலி. இரண்டு நாளாக. வலியின் அளவு பத்துக்கு நாலு.

ஏழு பேர் வந்து போனார்கள். ஏழு பேரையும் பசியாறிட்டியா என்று கேட்டார், நான் ஏழு தடவையும் முறைத்தேன். ஆறாவது பெண் போனபின் அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏர்கான் குளிரில் நானே சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தேன். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அடடா, எவ்வளவு ஒன்றிப்போய் நடிக்கிறார் என்று தோன்றியது. தாளின் ஓரத்தில் 'அக்கா இன்று மிக நன்று' என்று எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழித்துப் போட மனம் வரவில்லை, வைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

எட்டாவது தர்ஷினி. ரெம்பியா ஊர்ப் பெண். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், சிநேகிதிகளோடு ஆங்கிலம் என்று வளர்ந்து, மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுபவள். என் வகுப்பில் சுமாரான மாணவி. கேட்டதைச் சுருக்கிச் சொல்ல எப்போதும் மறந்துபோவாள்.

கதவைத் தட்டினாள், பெயரைச் சொன்னாள். பிறகு அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்கோ காத்திருப்பதுபோல் நின்றாள்.

"அம்மா, எங்க வலிக்குது?"

"வயித்துல" என்றார் அக்கா. கை வயிற்றில் இல்லை. வலது கை இடது தோளைப் பிடித்திருந்தது.

தர்ஷினி என் பக்கம் திரும்பினாள். "மேடம், அம்மா ஓகே இல்ல."

பரீட்சையில் மாணவி என்னிடம் பேசக்கூடாது. "நோயாளிகிட்டப் பேசுங்க" என்றேன்.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். அப்படிக் குந்துவதற்கு எங்கள் தாளில் மதிப்பெண் இல்லை. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அக்கா மெல்ல, "நீ கேளும்மா, கேளு. மணி அடிச்சிடும்" என்றார்.

"மேடம், இது ஆக்டிங் இல்ல லா! கை ஐஸ் மாதிரி இருக்கு!"

"தர்ஷினி, டைம் போகுது. கன்டினியூ பண்ணுங்க."

இதை நான் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பரீட்சைப் பயத்தில் இந்தப் பெண் நாடகம் போடுகிறது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அவள் அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை. தன் காகிதத்தைத் தரையில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி நடைக்கூடமே அதிரக் கத்தினாள். பக்கத்து அறை ஆசிரியை ஓடிவந்து பார்த்த பிறகுதான் நான் எழுந்தேன். அக்காவின் உதடு வெளுத்திருந்தது. "அக்கா, நெஞ்சு வலிக்குதா?" என்று நான் கேட்டேன். என்னைப் பார்த்து, "இல்லம்மா" என்றார். அதற்குள் கண் செருகிவிட்டது.

மாரடைப்பு. இனிப்பு நீர் வேறு உண்டு அவருக்கு, ஊரில் நாம் சர்க்கரை என்போமே, அது. ஆஸ்பத்திரியில் நேரே உள்ளே கொண்டுபோய்க் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்தக் கொஞ்சத்தில் இரண்டு நிமிஷம் என்னுடையது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது தர்ஷினியிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"மூணு மாசமா பிராக்டிஸ்ல எப்ப போனாலும் பசியாறிட்டியான்னு கேப்பாங்க மேடம். இன்னிக்கு என்னைக் கேக்கல. நான் வெயிட் பண்ணேன், கேக்கவே இல்ல. அப்பவே பயமாயிடுச்சு."

கேட்கக்கூடாது என்று அக்காவை நான் அதட்டிக்கொண்டிருந்த கேள்வி அது.

5

மறுநாள் கல்லூரியில் பரீட்சைப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல பெண்மணி, குரலை உயர்த்தியதே இல்லை. எட்டாவது மாணவியின் தாளில் பாதிக் கட்டங்கள் காலி என்று காட்டினார். பேச்சைச் சுருக்கிச் சொல்லவில்லை, நோயாளியிடம் விடைபெறவில்லை. முடிக்காத பரீட்சை தேறாத பரீட்சை, விதி அப்படி என்றார்.

"அவள் விடைபெறாமல் போனதால்தான் அந்த அம்மா உயிரோடு இருக்கிறார்" என்றேன்.

"எனக்குப் புரிகிறது. ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தது நான்.

விளக்கக் கடிதம் கொடுத்தால் குழு பரிசீலிக்கும், ஆனால் கடிதம் என் கோப்பில் சேரும் என்றும் சொன்னார். அடுத்த வருஷம் என் ஒப்பந்தம் முடிகிறது. யோசியுங்கள் என்றார்.

அன்று மாலை வீட்டில் சமையலறையில் நின்றபடியே மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். யாழினிக்குப் பதினேழு வயது. அவளுக்கு என் ஊர் என்பது வீடியோ காலில் சித்திகள் தலை தலையாகத் தெரியும் ஒரு திரை. அவர்கள் வேகமாகப் பேசினால் புரியாமல் சிரித்து வைப்பாள். எதைச் சொன்னாலும் ஒரு காதில் இயர்போன் இருக்கும். அன்றைக்கு இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது, ஓகே?"

"சொல்லு."

"நீங்க எப்பவும் கேப்பீங்க. சாப்ட்டியா, எக்ஸாம் எப்டி, ஏன் முகம் டல்லா இருக்கு, எல்லாம் கேப்பீங்க. ஆனா கேட்டுட்டு அடுப்புக்குப் போயிடுவீங்க லா. பதில் சொல்லலாம்னு பார்த்தா உங்க முதுகுதான் தெரியும்."

கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஓடுகிற ஓட்டம் இவளுக்கு என்ன தெரியும் என்று வாய் வரைக்கும் வந்தது. அப்போதும் நான் கரண்டியோடு அடுப்பைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஏன் முகம் டல்லா இருக்கு என்று மறுபடி கேட்டேன். அன்றைக்கு அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. இரவுச் சாப்பாடு கடையில்தான் வாங்கினோம்.

பிறகு கடிதத்தை எழுதினேன். நோயாளியின் நிலையை மாணவி சரியாகக் கண்டுகொண்டார், தேர்வாளராகிய நான் இரண்டு முறை தடுத்தேன், தவறு என்னுடையது. மூன்றே வரி. மலாயில் எழுதியதால் பிழை இருக்குமோ என்று மகளிடம் காட்டினேன். ஒரு எழுத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். தர்ஷினிக்கு மறுபரீட்சை வைத்தார்கள், தேறிவிட்டாள். இந்தத் தடவையும் சுருக்கிச் சொல்ல மறந்துவிட்டாளாம். என் ஒப்பந்தம் என்ன ஆகும் என்று இன்னும் தெரியவில்லை.

6

ஆனால் அதெல்லாம் பிறகு. கடிதத்தைக் கொடுத்த அன்றே மதியம் அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். எவ்வளவு சுத்தமான வார்டு, எவ்வளவு அமைதி. கட்டிலுக்குக் கீழே யாரும் இல்லை, யாரும் யாரையும் வையவில்லை. எனக்கு என் பழைய முப்பது கட்டிலும் அந்தக் கூச்சலும் வேண்டும் போல் இருந்தது. அங்கே இருந்திருந்தால் அக்காவின் பக்கத்துக் கட்டில்காரியாவது அவருக்காகக் கத்தியிருப்பாள்.

அக்கா தலையணையில் சாய்ந்திருந்தார். பாதியாக இளைத்துவிட்டதுபோல் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பிள்ள பாஸாயிடுச்சா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "இன்னும் தெரியலக்கா. பாதியில நின்னு போச்சுன்றாங்க. நான் லெட்டர் கொடுத்திருக்கேன்" என்றேன்.

"தோ பாத்தியா. என்னாலதான்." கண் கலங்கிவிட்டது. "அதுக்குத்தான் மா நான் அடக்கிக்கிட்டு இருந்தேன்."

"எப்போலேர்ந்து வலிச்சதுக்கா?"

"காலைலயே. மோட்டார்ல வர்றப்பவே."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "ஏன்க்கா என்கிட்டச் சொல்லல? நான் அங்கதானே உக்காந்திருந்தேன்!"

அக்கா என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீ வயித்து வலின்னுதானே மா எழுதிக் குடுத்த? நான் நெஞ்சுன்னு சொன்னா, பிள்ள நெஞ்சுன்னு எழுதும். உன் காகிதத்துல வயிறுன்னு இருக்கும். தப்பாயிடும்ல? நீ வேற பேனாவ வெச்சிக்கிட்டு உக்காந்திருக்க. அதுங்க எத்தன மாசமா படிச்சிருக்கு. இன்னும் நாலு பேர்தானே, முடிஞ்சதும் வீட்டுக்குப் போயி படுத்துக்கலாம்னு இருந்தேன்."

அவர் வாயிலிருந்து வலி என்ற சொல்லை வரவழைக்க முதல் ஒத்திகையில் அவ்வளவு பாடுபட்டேன். பொய் வலிக்குத்தான் நான் அனுமதி கொடுத்தேன் என்பதும், நிஜ வலிக்குக் கொடுக்கவே இல்லை என்பதும் அந்தக் கட்டில் ஓரத்தில் நின்றபோதுதான் உறைத்தது. பெரட்டில் நின்று அக்காவை மிரட்டிய டிரெஸர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அவர் நின்ற இடத்தில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது வார்டு நர்ஸ் வந்தாள். இளம் மலாய்ப் பெண், கையில் கோப்பும் பேனாவும். கனிவாக, "சாக்கிட் தாக், மாக்சிக்?" என்று கேட்டாள். வலி இருக்கிறதா அம்மா என்று.

"தாக் அடா" என்றார் அக்கா உடனே. இல்லை.

அவள் எழுதப் போனாள். நான் குறுக்கே பேசவில்லை. அக்காவுக்குப் பதிலாக நானே சொல்லிவிடுவது எளிது, நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் மெல்லச் சொன்னேன். "இது பரீட்சை இல்லக்கா. நீங்க எதைச் சொன்னாலும் யாருக்கும் எதுவும் போகாது."

அக்கா என்னைப் பார்த்தார். நர்ஸைப் பார்த்தார். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஏதோ நடக்கிறது என்று புரிந்து, எழுதாமல் நின்றாள். நானும் நின்றேன். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சுப் பழம் உரித்தார்கள். வெளியே ஒரு லாரி பின்னால் போகும் சத்தம் கேட்டது. இவ்வளவு நேரம் யார் பதிலுக்கும் நான் காத்திருந்ததில்லை.

அக்காவின் கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. பால் மரம் வெட்டித் தழும்பேறிய விரல். அதை நெஞ்சின் மேல், சரியாக ஒரு இடத்தில் வைத்தார்.

"சாக்கிட், மிஸி" என்றார். "சினி. இங்க. ரொம்ப வலிக்குது."